டிசம்பர் வெயிலும் ஈர நெல்லும்

பர்மாவில் பெகு நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கிராமத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய கூட்டம் ஒன்றில் பேசியது. அப்படியே எழுத்தில் போட்டால் படிக்க முடியாது என்பதால் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

எல்லாருக்கும் வணக்கம். மாதா கோவில்காரர்களுக்கும் மாரியம்மன் கோவில்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாதி வீட்டில் ரெண்டு பேரும் இருக்கிறீர்கள், தனித்தனியாகச் சொல்லி யாரை விட்டுவிடுவது?

நோட்டீஸில் எனக்குப் போட்டிருக்கிற தலைப்பு 'குளிர்காலத்தில் ஒரு விவசாயக் குடும்பம்'. ரங்கூனில் படிக்கிற நம் பிள்ளைகள் யாரோ வைத்த தலைப்பு என்று நினைக்கிறேன். அதைப் படித்தால், அறுவடை முடிந்துவிட்டது, எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வைக்கோல் நெருப்புக்குக் கையை நீட்டிக்கொண்டு கதை பேசுகிறார்கள் என்று தோன்றும். நெருப்புக்குக் கையை நீட்டுவது உண்மைதான். விடியற்காலையில் 17, 18 டிகிரிக்கு இறங்கினாலே குல்லா போடாமல் வெளியே வராத ஆட்கள் நாம். ஆனால் உட்கார்ந்து கதை பேசுகிற வீடு எது, கையைத் தூக்குங்கள் பார்ப்போம். வருஷத்திலேயே மூச்சு விட நேரமில்லாத மூன்று வாரம் இந்த மூன்று வாரம்தான். நெல் வீட்டுக்கு வரவேண்டும், உளுந்து மண்ணுக்குள் போகவேண்டும், கிறிஸ்துமஸும் வந்து நிற்கிறது. பக்கத்துக் கரேன் இனத்தார் கிராமத்துப் பிள்ளைகள் டிசம்பர் 1 பிறந்ததுமே கிடாரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடக் கிளம்பிவிடுகிறார்கள், நம் பிள்ளைகள் அந்த நேரத்தில் வயலில் கிடக்கிறார்கள்.

உளுந்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் நம்மைத் துரத்துகிறது. அக்டோபரோடு மழை ஓய்ந்துவிடும். வாய்க்கால் தண்ணீர் நம்மில் பெரும்பாலானவர்களின் வயலுக்கு எட்டாது. நெல்லுக்குப் பெய்த மழையில் மண்ணுக்குள் என்ன மிச்சம் இருக்கிறதோ அதைக் குடித்துத்தான் உளுந்து வளரவேண்டும், மேலே விழுகிற பனி கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். நம் களிமண் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போகிற மண். நெல்லை அறுத்த கையோடு உழுது ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டை நிற்கவேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் உதிரவேண்டும். உதிராமல் கையில் ஒட்டினால் ரெண்டு நாள் பொறுக்கலாம், உருண்டையே பிடிக்கவில்லை என்றால் அந்த வருஷத்து உளுந்தை மறந்துவிட வேண்டியதுதான். எண்பது தொண்ணூறு நாள் பயிர். இப்போது விதைத்தால் பிப்ரவரி கடைசியில் செடியைப் பிடுங்கலாம். பிந்திப் போட்டால் பூக்கிற நேரத்தில் வெயில் ஏறிவிடும், வெள்ளை ஈ வரும், அதோடு மஞ்சள் தேமலும் வரும். முந்திப் போட்டவனுக்கும் பனியில் இலையெல்லாம் மாவு பூத்த மாதிரி சாம்பல் நோய் வருவது உண்டு, ஆனாலும் அவன் ஏதோ மூட்டை கட்டுவான்.

அந்த உளுந்து எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். இந்தியாதான் பெரிய கொள்முதல்காரர். நாம் இங்கே குனிந்து பிடுங்குகிற செடி சென்னையில் இட்லியாக வெந்துகொண்டிருக்கும். 2017 ஆகஸ்டில் அங்கே இறக்குமதிக்கு அளவு வைத்தார்கள், துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். இங்கே விலை விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்புறம் 2021இல் வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து எடுத்துக்கொள்கிறோம் என்று 5 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். டில்லியில் ஒருவர் பேனாவைத் திறந்தால் நம் வீட்டுக் கல்யாணம் தள்ளிப்போகும், அது நம் கையில் இல்லை. நெல் அப்படி இல்லை. நெல்லில் நம் கையில் இருக்கிறது ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முன்பெல்லாம் கதிரரிவாளால் அறுத்தோம். அறுத்த அரியைத் தாளடி மேலேயே மூன்று நான்கு நாள் வெயிலில் கிடத்தி, பிறகு கட்டாகக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து அடித்தோம். நெல் பத்தாயத்துக்கு வரும்போதே காய்ந்துதான் வரும். காயவைப்பது தனி வேலை என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. இப்போது மெஷின். ஒரு காலையில் ரெண்டு மூன்று ஏக்கரை முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. உளுந்துக்கு அது வரம். மெஷின் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் அறுக்க ஆள் யார்? வயசுப் பிள்ளைகள் தாய்லாந்தில் இருக்கிறார்கள், மலேசியாவில் இருக்கிறார்கள், ஏன் போனார்கள் என்று மேடையில் விளக்கவேண்டியதில்லை. ஆனால் மெஷின் கொட்டுகிற நெல் பச்சை நெல். நூற்றுக்கு 20, 25 பங்கு ஈரம் இருக்கும். சேமித்து வைக்க 14க்குக் கீழே வரவேண்டும். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். ரெண்டு நாள் போனால் அரிசி மஞ்சளடிக்கும், வாடை வரும்.

அதனால் என்ன செய்கிறோம்? வயலோரத்தில் லாரியோடு நிற்கிற வியாபாரிக்கு மெஷினிலிருந்து நேராகவே கொட்டிவிடுகிறோம். அவரைத் திட்ட நான் வரவில்லை. ஈர நெல்லை அவரும் எங்கேயோ கொண்டுபோய்க் காயவைத்துத்தான் ஆகவேண்டும், டீசல் அவருக்கும் அதே விலைதான். ஆனால் கணக்கை மட்டும் ஒருதரம் பாருங்கள். 22 பங்கு ஈரம் உள்ள 100 கிலோ நெல் 14க்குக் காய்ந்தால் 90.7 கிலோ நிற்கும். போனது 9.3 கிலோ தண்ணீர். ஈரத்துக்கு என்று 15 கிலோ கழித்தால் மீதி அஞ்சே முக்கால் கிலோ யாருடைய நெல்? இது எடையில் மட்டும். விலையிலும் ஒரு அடி உண்டு, ஊரே ஒரே வாரத்தில் விற்றால் விலை எங்கே நிற்கும்? அதற்கு மேல் கிறிஸ்துமஸ். துணிமணி எடுக்கவேண்டும், கரேன் சொந்தக்காரர்கள் வந்தால் விருந்து வைக்கவேண்டும், டிசம்பர் 10க்கு மேல் எல்லார் வீட்டுக்கும் பணம் வேண்டும். நம் வீட்டுக் காலண்டர் வியாபாரி கடையிலும் தொங்குகிறது.

இதில் வரலாறும் கொஞ்சம் இருக்கிறது, இளம்பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். 1852க்குப் பிறகு இந்தக் கீழ் பர்மா முழுக்கக் காடு வெட்டி நெல் வயலாக்கினார்கள், நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலில் வந்து அறுத்துவிட்டுப் போனார்கள், சிலர் தங்கினார்கள். பயிருக்குக் கடன் கொடுத்ததில் பெரிய கை நம் ஊர்ச் செட்டியார்களுடையது. 1930 வாக்கில் உலகம் முழுக்க நெல் விலை விழுந்தபோது, கடனைக் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு, 1937இல் 25 பங்கு. அவர்கள் நிலம் வாங்க வந்தவர்கள் இல்லை, அவர்களுக்குத் தேவைப்பட்டது பணம். அப்புறம் 1948இல் நிலம் அரசாங்கத்துக்குப் போனது, 1964இல் கடை கண்ணி போனது, கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள், மிச்சம் நாம். 2012 சட்டத்தில் வந்த ஃபாரம் 7 கையில் இருந்தால் உழுகிற உரிமை உண்டு. குடியுரிமை அட்டை இல்லாதவர்கள் பாடு தனி, அதைப் பேச இன்னொரு கூட்டம் போடவேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. அறுத்த அன்றைக்கே விற்றுத் தீரவேண்டிய நிலைமையில் இருக்கிற விவசாயி அன்றைக்கும் தோற்றான், இன்றைக்கும் தோற்கிறான். நாலு நாள் தாக்குப்பிடிக்கிறவனுக்குக் கொஞ்சம் பேரம் பேச வாய் வரும்.

அந்த நாலு நாளுக்கு என்ன வேண்டும்? வெயில் வேண்டும், டிசம்பரில் அதற்குக் குறைவில்லை, பகலில் 30 டிகிரி சுலபமாகத் தொடுகிறது. ஆள் வேண்டும், அதுவும் இருக்கிறது, அப்பத்தாமார்களும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளும் போதும். இல்லாதது இடம். நெல்லை ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பரப்பினால் ஒரு கூடை, அதாவது நம் கணக்கில் 46 பவுண்டு, ஏறக்குறைய 21 கிலோ, அது பிடிக்கிற இடம் 13 சதுர அடி. வீட்டு வாசல் 20க்கு 20 என்றால் 30 கூடை. ஏக்கருக்கு 70 கூடை என்று வைத்தாலும் மூன்று ஏக்கர்க்காரர் 210 கூடையை எங்கே பரப்புவார்? ரோட்டில் பரப்புகிறோம். லாரி ஏறி நெல் நொறுங்குகிறது, சரளைக்கல் கலக்கிறது, போன வருஷம் ஒரு பிள்ளை அடிபட இருந்தது.

மாதா கோவில் முன்னால் இருக்கிற சிமெண்டுத் தளம் 100 அடிக்கு 60 அடி. கயிறு பிடித்து அளந்தாயிற்று. நடக்க வழி விட்டால் 400 கூடை பரப்பலாம். ஒரு தவணைக்கு மூன்று நாள் என்றால், 5ஆம் தேதியில் இருந்து 20ஆம் தேதி வரைக்கும் அஞ்சு தவணை, 2000 கூடை, மூன்று ஏக்கர்க்காரர்கள் ஒன்பது பேரின் மொத்த அறுப்பு. பங்குச் சாமியாரிடம் கேட்டேன். குடில் கட்ட 20ஆம் தேதி இடம் விட்டால் போதும், குடிலுக்கு வைக்கோலும் நீங்களே கொடுத்துவிடுங்கள் என்றார். மாரியம்மன் கோவில் முற்றம் இதில் பாதி இருக்கும், மார்கழி பஜனை காலையிலேயே முடிந்துவிடும், எட்டரைக்கு முன்னால் நெல்லைப் பரப்பக் கூடாது என்பதால் இடைஞ்சல் இல்லை. புனிதமான இடத்தில் நெல்லா என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். அண்ணாச்சி, பாலன் பிறந்தது மாட்டுக் கொட்டில், நெல்லைப் பார்த்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எட்டரைக்கு முன் ஏன் கூடாது என்றால், ராத்திரிப் பனி தளத்தில் நனைந்து கிடக்கும், அது காயாமல் மேலே நெல்லைப் போட்டால் கீழ் நெல் ஈரத்தைக் குடிக்கும். சாயங்காலமும் அப்படித்தான், நாலரைக்கே குவித்து தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். காய்ந்த நெல் மறுபடி நனைந்தால் அரிசி உள்ளுக்குள் விரிசல் விடும், ஆலையில் குருணையாகக் கொட்டும். இதை நிறையப் பேர் நம்புவதில்லை, ஆலைக்காரரைத்தான் குறை சொல்கிறார்கள். அரை மணிக்கு ஒருதரம் காலால் கீறிவிட வேண்டும், பிள்ளைகள் அதைச் சந்தோஷமாகச் செய்வார்கள். உச்சி வெயிலில் நெல் கை வைக்க முடியாமல் சுட்டால் கொஞ்ச நேரம் குவித்து வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் அப்பத்தாவிடம் ஒரு நெல்லைக் கொடுங்கள், கடித்ததும் 'டக்'கென்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் ஒரு நாள்.

சரி, பணம்? கிறிஸ்துமஸ் செலவுக்கு நெல்லை விற்காமல் எப்படி என்று பின்வரிசையில் ஒரு அக்கா முணுமுணுத்தது கேட்டது. மொத்தத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை அக்கா. மெஷின் கூலிக்கும் விதை உளுந்துக்கும் வேண்டியதை ஈரத்தோடு விற்றுவிடுங்கள், மிச்சத்தைக் காயப்போடுங்கள். பலகாரத்துக்குக் கடையில் வாங்குவது என்ன இருக்கிறது? போன வருஷத்து உளுந்து வீட்டில் இருக்கிறது, அதை வறுத்து அரைத்தால் முறுக்குக்கு ஆயிற்று. புது நெல்லில் ரெண்டு கூடை குத்திப் பச்சரிசியாக்கினால் அதிரசம். மேல் பர்மாவில் இருந்து வருகிற பனைவெல்லம் ஒன்றுதான் காசு. பாகு தண்ணீரில் போட்டால் உருட்ட வரவேண்டும், அந்தப் பதத்தில் இறக்கி, ஈரம் போகாத மாவைக் கொட்டிக் கிளறி, மூன்று நாள் மூடி வைத்துச் சுட்டால் அதன் கறுப்பும் வாசனையும் தமிழ்நாட்டு வெல்லத்தில் வராது என்று அங்கே போய் வந்தவர்களே சொல்கிறார்கள். வாத்துக்காரர்கள் அறுத்த வயலில் வாத்து மேய்க்க வருகிறார்களே, சும்மா விடாதீர்கள், உதிர்ந்த நெல்லுக்கு முட்டையாவது வாங்குங்கள்.

முதல் தவணைக்குப் பேர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் டீக்கடை மாமாவிடம் கொடுங்கள். மெஷின் எந்தத் தேதி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அறுக்கிற நாளுக்குத்தான் இடம், கேட்கிற வரிசைக்கு இல்லை. தார்ப்பாய் அவரவர் கொண்டுவர வேண்டும், ஓட்டை இருந்தால் தைத்துக் கொண்டுவாருங்கள். ராத்திரிக் காவலுக்கு வீட்டுக்கு ஒரு ஆள். மாதா கோவில் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் 20ஆம் தேதி வரைக்கும் கோழியைக் கூண்டில் போடுங்கள், போடாத வீட்டுக் கோழிக்கு நான் பொறுப்பில்லை.