முதிரைக் கதவுக்குப் புது வார்னிஷ்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு கிளிநொச்சியில் அம்மம்மாவின் வளவில் நிற்கிறேன். பின்னால் இரண்டு வாங்கின் மேல் படுத்திருப்பது வீட்டு முன்கதவு. முதிரை மரம். கழற்றிக் கொண்டுவந்து வைக்க மூன்று பேர் தேவைப்பட்டது. 2008இல் இடம்பெயர்ந்தபோது ஓடு, யன்னல், கதவு என்று வீட்டையே பிரித்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஓடும் யன்னலும் போன இடம் தெரியாது. கதவு மட்டும் திரும்பி வந்தது. எப்படி வந்தது என்பது தனிக் காணொளிக்கான கதை!

சரி, வேலைக்கு வருவோம். போன வருடம் ஒரு கதிரையின் பழைய பொலிஷை அகற்றாமல் மேலேயே வார்னிஷ் அடித்தேன். பத்து நாளாகியும் பிசுபிசுத்தது. மாமா வேட்டியோடு ஒட்டிக்கொண்டார். அதனால் இந்த முறை முதலில் பழைய பூச்சு என்னவென்று பார்த்தேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கண்ணில் படாத ஓரத்தில் தேயுங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டினால் அது அரக்கு பொலிஷ். அதை ஸ்பிரிட்டாலேயே துடைத்து எடுத்துவிடலாம். இந்தக் கதவில் ஒன்றும் இளகவில்லை, எண்ணெய் வார்னிஷ்தான். அதற்கு சாண்ட் பேப்பர்.

சவர்க்காரத் தண்ணீரால் அழுக்கைக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகு 120ஆம் இலக்கத் தாள், அப்புறம் 220. மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் இப்போது தெரியாது, வார்னிஷ் பட்டதும் பளிச்சென்று தெரியும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடி தரும். நான் முகத்துக்குத் துணி கட்டினேன், கையை மறந்துவிட்டேன். இதோ பாருங்கள், எப்படிச் சிவந்திருக்கிறது!

இந்தப் பள்ளம் தெரிகிறதா? உழவு இயந்திரப் பெட்டியில் கட்டிய கயிறு இழுத்த தடம். இதை எடுக்க வேண்டுமானால் கதவையே சீவ வேண்டும். விட்டுவிட்டேன். அம்மம்மாவிடம் கேட்டேன், "அது கிடக்கட்டும், நீ கீழ்ப்பக்கத்தைப் பார்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. எல்லோரும் முகத்துக்கு மினுக்கம் அடித்துவிட்டு கதவின் அடி விளிம்பை விட்டுவிடுகிறோம். மாரி மழைத் தண்ணீரை மரம் குடிப்பது அந்த வெட்டு முகத்தால்தான். பிறகு கார்த்திகையில் கதவு ஊதி இறுகினால் தச்சரைத் திட்டுகிறோம். கழற்றியிருக்கும்போதே அடி விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். வெயில் விழுகிற கதவென்றால் கடையில் வெளிப்புற வார்னிஷ் என்றே கேட்டு வாங்குங்கள்.

பேணியைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். தடியால் மெல்லக் கலக்கினால் போதும். முதல் பூச்சில் பத்துக்கு ஒரு பங்கு டர்பன்டைன் சேர்த்தேன், மரத்துக்குள் இறங்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, 320ஆம் இலக்கத் தாளால் மினுக்கம் மங்கும் அளவுக்கு மட்டும் தடவி, தூளைத் துடைத்துவிட்டு இரண்டாவது. மூன்றாவதும் அப்படியே. மெல்லிய பூச்சு மூன்று, தடித்த பூச்சு ஒன்றைவிட எவ்வளவோ மேல்.

இது மாசி மாதம் என்பதால் பனி போய், ஒன்பது மணிக்குப் பிறகுதான் தொடங்கினேன். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் இந்த வேலையை மறந்துவிடுங்கள். ஈரப் பூச்சில் முற்றத்துப் புழுதி முழுக்க வந்து குடியேறும்.

ஒன்று கவனம். வார்னிஷ் துடைத்த சாரத்துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு ஏறி, தானாகவே தீப்பற்றலாம். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

கடைசிப் பூச்சு இப்போதுதான் முடிந்தது. நாளைக்குத்தான் பிணைச்சலில் மாட்டலாம். வாசலில் இப்போதைக்குப் பாய் தொங்குகிறது. பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்துவிடுமாம். அம்மம்மா அந்த வாசலிலேயே படுக்கப் போகிறார்.