சர் பிலிப் சிட்னி: ஒரு கடைசிக் கடிதமும் இரங்கற்பாக்களும்

[காட்சி: நெதர்லாந்தின் பழைய வரைபடம், சுட்பென் நகர் தெரிகிறது]

வணக்கம். ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய டச்சு மாகாணங்களுக்குத் துணையாக இங்கிலாந்து அனுப்பிய படையில் இருந்த கவிஞர் சர் பிலிப் சிட்னி, 1586 செப்டம்பர் 22 அன்று சுட்பென் அருகே தொடையில் குண்டடிபட்டார். புண் அழுகியது. அக்டோபர் 17 அன்று ஆர்ன்ஹெம் நகரில் இறந்தபோது அவருக்கு வயது 31.

[காட்சி: மெழுகுவர்த்தி, இறகுப் பேனா, காகிதம்]

இறப்பதற்கு முந்தைய நாள் அவர் ஜெர்மானியப் பகுதியான கிளீவ்ஸின் கோமகனுக்கு மருத்துவராக இருந்த யோஹான் வையருக்கு இலத்தீனில் சில வரிகள் எழுதினார். "வாருங்கள், வாருங்கள், என் உயிர் ஆபத்தில் இருக்கிறது, வாழ்ந்தாலும் இறந்தாலும் நன்றி மறவேன், இதற்கு மேல் முடியவில்லை, விரைந்து வர மன்றாடுகிறேன்" என்பது அதன் சாரம். அலங்காரம் ஒன்றும் இல்லாத அந்தச் சிறு வாக்கியங்கள், மரண வேதனையிலும் கைவிடாத மொழிப் பயிற்சியைக் காட்டுகின்றன. அப்பயிற்சிக்கு உரமிட்டவர்களுள் ஒருவர், 1572-இல் பாரிஸில் புராட்டஸ்டன்டுகள் கொல்லப்பட்ட புனித பர்த்தலோமியு படுகொலையில் உயிர்தப்பிய பிரெஞ்சு அறிஞர் உபெர் லாங்கே ஆவார். அவர் பல ஆண்டுகள் இலத்தீனில் கடிதம் எழுதி, இளைஞரான சிட்னியின் நடையைச் செப்பனிட்டதோடு, போர்ப்புகழை நாடிச் செல்ல வேண்டாமென்றும் எச்சரித்தார். 1581-இல் மறைந்த லாங்கே, தம் அச்சம் மெய்யானதைக் காணவில்லை.

[காட்சி: 1587-இல் அச்சான நூல்களின் பக்கங்கள்]

சிட்னியின் உடல் 1587 பிப்ரவரி 16 அன்று லண்டன் புனித பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாண்டே கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்கள் இரங்கற்பாத் தொகுப்புகளை வெளியிட்டன. கேம்பிரிட்ஜ் தொகுப்பில் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், ரோமானியத் தெய்வங்களான மார்ஸ், மினர்வா, அப்பல்லோ ஆகியோரை அழைத்துப் புலம்புகிறார். அந்த அடக்கத்துக்கு எட்டு நாள் முன்னர்தான் ஜேம்ஸின் தாயும் ஸ்காட்லாந்தின் முன்னாள் அரசியுமான மேரி இங்கிலாந்தில் தலை வெட்டப்பட்டிருந்தார் என்பதை நினைத்தால், அச்செய்யுளை வெறும் சம்பிரதாயமாகப் படிக்க மனம் வரவில்லை. ஆக்ஸ்போர்டின் வேந்தரோ சிட்னியின் தாய்மாமனும் நெதர்லாந்து சென்ற ஆங்கிலப் படையின் தலைவருமான லெஸ்டர் பிரபு. அங்கே புலவர்களின் துயரத்தோடு விசுவாசமும் கலந்திருப்பது இயல்பு.

என் கணிப்பில், டச்சு நகரமான லைடனில் இலத்தீன் கவிஞர் ஜார்ஜியஸ் பெனடிக்டி எழுதிய இரங்கற்பாக்களே கூடுதல் கனமுடையவை. 1574-இல் ஸ்பானிய முற்றுகையில் பட்டினி கிடந்து, மறு ஆண்டே பல்கலைக்கழகம் கண்ட அந்நகரத்தாருக்கு, சிட்னி தங்கள் மண்ணில் தங்களுக்காக உயிர்விட்டவர்.