சட்டையில் எழுதாத நாடு: வால்டிஸ் வால்டெர்ஸ்

அவையோருக்கு வணக்கம்.

இருபது லட்சம் பேர்கூட இல்லாத லாத்வியாவில் கூடைப்பந்து என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1935-இல் ஜெனீவாவில் நடந்த முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது அந்த நாடுதான். பின்னர் அது சோவியத் ஒன்றியத்துக்குள் அடங்கியபோதும், ரீகா நகரின் ராணுவ அணி 1958 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து ஐரோப்பியக் கழகங்களின் கோப்பையைத் தட்டிச் சென்றது. அந்த நகரில் 1957-இல் பிறந்தவர் வால்டிஸ் வால்டெர்ஸ்.

அவர் ஆடியது தொலைபேசியும் வானொலிப் பெட்டியும் செய்த வெஃப் தொழிற்சாலையின் அணியில். அவருடைய இடம் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவரின் இடம். 1981-இல் சோவியத் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் அவரே. மறு ஆண்டு கொலம்பியாவில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 95-94 என்று ஒரே புள்ளியில் அமெரிக்காவை வீழ்த்திய அணியிலும் அவர் இருந்தார்.

ஆனாலும் அவரைப் பற்றிப் பேசும்போது யாரும் முதலில் சொல்வது 1986-ஆம் ஆண்டு மாட்ரிட் அரையிறுதியைத்தான். மூன்று புள்ளிக் கோடு, அதாவது வெளியிலிருந்து எறிந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு, உலகக் கோப்பைக்கு வந்த முதல் தொடர் அது. முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத வேளையில் யூகோஸ்லாவியா 85-76 என்று முன்னிலையில் இருந்தது. கோட்டுக்கு வெளியிலிருந்து சோவியத் அணியின் சபோனிஸ் ஒன்று எறிந்து போட்டார். அதே அணியின் டிகோனென்கோ இன்னொன்று போட்டார். பந்து இன்னும் யூகோஸ்லாவியாவிடம்தான் இருந்தது. பிடித்து வைத்திருந்தாலே போதும். அந்த அணியின் பதினெட்டே வயதான டிவாட்ஸ் பந்தைத் தட்டி, பிடித்து, மீண்டும் தட்டிவிட்டார். அது ‘டபுள் டிரிப்ளிங்’ என்னும் விதிமீறல் என்று நடுவர் ஊதினார். அந்தப் பந்து வால்டெர்ஸின் கைக்கு வந்தது, அவர் எறிந்தார், 85-85 ஆயிற்று. கூடுதல் நேரத்தில் சோவியத் அணி 91-90 என்று வென்றது. இறுதியில் அமெரிக்காவிடம் இரண்டே புள்ளியில் தோற்றதை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு; எனக்கும் அந்த வெள்ளியைவிட அரையிறுதிதான் பெரிது.

இவ்வளவு ஆடியவர் ஒலிம்பிக்கில் ஒருமுறைகூட ஆடியதில்லை. 1984-இல் சோவியத் ஒன்றியமே லாஸ் ஏஞ்சலஸைப் புறக்கணித்தது. நாலாண்டு கழித்து சியோலில் தங்கம் வென்ற அணியில் அவர் இல்லை.

அவர் பயிற்சியாளரானதை ஓய்வுக்குப் பிந்தைய பிழைப்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வென்ற பதக்கங்களெல்லாம் வேறொரு பெயர் எழுதிய சட்டையில் வந்தவை. லாத்வியா 1991-இல் மீண்டும் விடுதலை பெற்றபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. ஆட்டக்காரராகத் தம் நாட்டுக்குத் தரவேண்டிய வயது கடந்துவிட்டிருந்தது. எஞ்சியிருந்தது கையிலிருந்த வித்தை. அதை உள்நாட்டுக் கழகங்களுக்கும், பிறகு ரீகாவின் சிறுவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017-இல் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது. ஷாகில் ஓ'நீலும் சேர்க்கப்பட்டது அதே ஆண்டில்தான்.

அவருடைய மகன்கள் சாண்டிஸும் கிறிஸ்டாப்ஸும் தேசிய அணிக்கு ஆடினார்கள். இளையவர் கிறிஸ்டாப்ஸ் பிறந்தது, தந்தை ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரரான அதே 1981-இல். தந்தையின் இடமான பாயிண்ட் கார்டுதான் அவருடைய இடமும்; சட்டையில் மட்டும் லாத்வியா என்று எழுதியிருந்தது.