செசமின் குளிசை 9,800 ரூபாவாம்!

வணக்கம் மக்களே! இன்னைக்குச் சமையல் இல்ல, கோவம் மட்டுந்தான். ஹட்டன் டவுன்ல ஒரு கடையில எள்ளுலருந்து எடுத்த செசமினாம், 60 குளிசை 9,800 ரூபா! கணக்குப் போட்டா ஒன்னு 163 ரூபா. நாலு கடை தள்ளி எள்ளு 100 கிராம் 160. நான் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, கடைத் தம்பி "அக்கா, வாங்குறீங்களா இல்லையா?"ன்னே கேட்டுட்டான். மூடியில தங்கக் கலர் ஸ்டிக்கர் வேற. அப்படி மினுக்குற சாமானே எனக்கு ஆகாது, உங்களுக்குத்தான் தெரியுமே.

விலையை விடுங்க. "வீக்கம் குறையும், நோய் எதிர்ப்புச் சக்தி கூடும்"னு ஒரே வரியில போட்டிருக்கான். அங்கதான் கடுப்பாயிருச்சு.

1991ல கியோட்டோ பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு பூஞ்சையை வச்சு ஆராய்ச்சி பண்ணினப்போ, டெல்டா-5 டிசாச்சுரேஸ்னு ஒரு நொதியைச் செசமின் அடக்குதுன்னு எழுதினாங்க. எலி ஈரல்லயும் அப்படித்தான். நம்ம உடம்புல அந்த நொதிதான் அரகிடோனிக் அமிலம்னு ஒரு கொழுப்பு அமிலம் செய்ய உதவுது. அந்த அமிலத்துலருந்துதான் புரொஸ்டாகிளாண்டின் ஈ2 வருது. காய்ச்சல், வலி, வீக்கம் எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு இருக்கு. அந்த நொதியை அடக்குறது, பீலிக்கு வர்ற தண்ணியை மேல மலையிலேயே பாதி அடைச்சுட்ட மாதிரின்னு வச்சுக்கங்க.

சரி, வீக்கம்னா என்ன? எதிர்ப்புச் சக்தி செய்ற வேலைதானே! அதைத் தணிக்கிற சாமானைக் காட்டி "சக்தி கூடும்"னா எப்படிங்க? மட்டு மீறி ஆடுறதை அடக்கும்னு சொல்லு, கேட்டுக்கிறேன். அதுவும் பெரும்பாலும் எலியிலயும் ஆய்வுக்கூடத்துலயும் பார்த்தது.

மனுஷருக்கா? எங்க அம்மாவுக்கு மலையேறிக் கொழுந்து எடுத்தே முட்டி போச்சு, அதனால தேடிப் படிச்சேன். 2013ல ஈரான்ல வந்த ஆய்வு. முட்டித் தேய்மானம் உள்ள 50 பேர், அதுல ஒரு பகுதிக்கு வழக்கமான மருந்தோட தினம் 40 கிராம் எள்ளு, ரெண்டு மாசம். எள்ளு சாப்பிட்டவங்களுக்கு மத்தவங்களை விட வலி அதிகமாக் குறைஞ்சிருக்கு. சின்ன ஆய்வுதான். ஆனா கவனிங்க, கொடுத்தது எள்ளு, குளிசை இல்ல!

அதனால நான் எள்ளே வாங்கினேன், அதுல கல்லு நிறைய. சொளகுல புடைச்சும் போகல. சட்டியில தண்ணி ஊத்தி மெதுவா ஆட்டி, எள்ளை மட்டும் மேலாகச் சாய்ச்சு எடுத்தேன் பாருங்க, அடியில கல்லு அப்படியே தங்கிருச்சு! இந்த ஒன்னுக்கே லைக் போடணும் நீங்க. அப்புறம் உலர்த்தி, சின்னத் தீயில படபடன்னு வெடிக்கிற வரைக்கும் வறுத்தேன். வறுக்கிறப்போ எள்ளுல உள்ள செசமோலின்ங்கிற பொருள்ல கொஞ்சம், செசமோல்ங்கிற இன்னொரு பொருளா மாறும், அதுவும் நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பான். கட்டாயம் இடிங்க. முழுசா விழுங்குனா நிறைய அப்படியே வெளிய போயிரும். மாத்தளைப் பக்கம் பலாபத்வெலயில தலகுளின்னு எள்ளு இனிப்பு இருக்கே, அது எனக்கு உயிரு! ஆனா சீனி மக்களே, சீனி.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன். எள்ளு சிலருக்கு ஒத்துக்காது. அமெரிக்காவுல 2023லருந்து பொதி செஞ்சு விக்கிற சாப்பாட்டுல எள்ளு இருந்தா, அதைப் பொதியில கட்டாயம் போடணும். வாய் அரிச்சு உதடு தடிச்சா விட்டுருங்க, மூச்சு முட்டுனா நேரா ஆஸ்பத்திரிதான். அம்மா கூப்பிடுறாங்க, வர்றேன்!