எஃப், பி கட்டைகளைக் கழற்றுங்கள்: கார்ல் ஆர்ஃபின் இசை

[காட்சி: ஆல்ட்டோ சைலஃபோன், மேலிருந்து]

ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் குழந்தைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்த வழியில் தொடங்குவோம். முதலில் ஒரு சின்ன வேலை. இது சைலஃபோன்: ஒரு மரக்கட்டைக்கு ஒரு சுரம், குச்சியால் அடித்து வாசிப்பது. மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்று பெயர். இதிலிருந்து எஃப், பி கட்டைகளைக் கழற்றப் போகிறோம். இரண்டு முனைகளையும் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் கட்டையைத் தாங்கும் ஆணி வளைந்துவிடும்.

மிச்சம் சி, டி, இ, ஜி, ஏ. சி-யை சட்ஜமாக வைத்தால் ச ரி க ப த. ஆமாம், மோகனத்தின் சுரங்கள்தான். இ-எஃப், பி-சி என்ற இரண்டு அரைச்சுர நெருக்கங்களும் போயின. எஃப்-பி என்ற முரட்டு ஜோடியும் போனது. இனிக் குழந்தை எதை எதனோடு சேர்த்து அடித்தாலும் காதை உறுத்தாது. தாளம் தப்பலாம், அது வேறு கதை.

[காட்சி: பேஸ் சைலஃபோன், இரண்டு குச்சிகள்]

அடுத்து, சி, ஜி இரண்டையும் சேர்த்து ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டில் அடியுங்கள். இதற்குப் பெயர் போர்டூன். ச-ப என்று தம்புரா செய்யும் அதே வேலை. குச்சி கட்டையின் நடுவில் பட்டதும் எழும்பிவிட வேண்டும். அழுத்திப் பிடித்தால் வெறும் 'டொக்'. முனைப்பக்கம், கட்டையைத் தாங்கும் இடத்தில் அடித்தால் நாதம் மங்கிவிடும்.

[காட்சி: மியூனிக், பழைய படம்]

1895-இல் மியூனிக்கில் பிறந்த ஆர்ஃப், 1924-இல் டோரதே குந்தருடன் அங்கே இசையும் நடனமும் கற்றுத்தரும் பள்ளி தொடங்கினார். ஆடுபவர்களே வாசிக்கவும் வேண்டும். பியானோ படிய வருடங்கள் ஆகும். அதனால்தான் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைக் கருவி) செய்யும் கார்ல் மேண்ட்லரிடம் இந்தக் கருவிகளைச் செய்யச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் பள்ளி கருவிகளோடு அழிந்தது. 1948-இல் பவேரிய வானொலிக்காகக் குழந்தைகளை வைத்து மறுபடி ஆரம்பித்தார். கூடவே உழைத்த குனில்ட் கேட்மனின் பெயரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அது அநியாயம்.

[காட்சி: இசைக்குழு, பாடகர் குழு]

1937 ஜூன் 8, ஃபிராங்க்ஃபர்ட்: ஆர்ஃபின் மிகப் பிரபலமான படைப்பு 'கார்மினா புரானா' அரங்கேறியது. இரண்டு பியானோ, பெரிய தாளவாத்தியப் படை, பாடகர் குழு. ஆனால் உள்ளே இருப்பது நாம் இப்போது செய்ததுதான்: அசையாத அடிச்சுரம், மேலே திரும்பத் திரும்ப வரும் சின்னத் துணுக்கு.

ஒன்றை மறைக்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் மெண்டல்சோன் யூத வம்சத்தவர் என்பதால், ஷேக்ஸ்பியரின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்துக்கு அவர் எழுதிய இசையை நாஜிகள் ஒதுக்கினார்கள். அதற்கு மாற்றாக ஆர்ஃப் எழுதிய இசை 1939-இல் மேடையேறியது. அப்போது அவருக்கு 44 வயது. இளமைத் தவறு என்று தள்ளிவிட முடியாது.

[காட்சி: இருட்டு, ஒலி மட்டும்]

இப்போது ஹெட்ஃபோனில் 'கார்மினா புரானா'வின் முதல் பாட்டு 'ஓ ஃபோர்ச்சூனா'. முதல் முழக்கம் அடங்கி, பாடகர்கள் முணுமுணுப்புக்கு இறங்கும் இடத்தில் பாட்டை விட்டுவிட்டு அடியில் காது வையுங்கள். டி. மறுபடி டி. மேலே குரல்கள் வெடிக்கும்போதும் டி.