முதலில் பிரேக், அப்புறம் வண்டி

நேயர்களுக்கு வணக்கம். நான் இன்றைக்குப் பேசப்போகிற வண்டிக்கும் வானொலிக்கும் ஒரு பழைய பகை உண்டு. 1935-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் சிறுவர்களுக்கான சோப் பாக்ஸ் வண்டிப் பந்தயம். என்பிசி வானொலிக்காக கிரஹாம் மெக்னாமி என்கிற பெயர்பெற்ற வர்ணனையாளர் தடத்தோரம் நின்று நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு வண்டி பிடியை விட்டு விலகி வந்து நேராக அவர் மேலேயே மோதிவிட்டது. தலையில் அடி. ஆனாலும் மனிதர் மைக்கை விடவில்லை, தன் மேல் வண்டி மோதியதையும் சேர்த்து வர்ணித்து நிகழ்ச்சியை முடித்துக் கொடுத்தார். நல்லவேளை, இந்த ஸ்டுடியோ தரை சமதளம்.

சோப் பாக்ஸ் என்றால் வேறொன்றும் இல்லை, சோப்பு அடுக்கி வந்த மரப்பெட்டி. அதற்கு நாலு சக்கரம் மாட்டினால் வண்டி. என்ஜின் கிடையாது, பெடல் கிடையாது, சரிவுதான் பெட்ரோல். நம் ஊரில் நாங்கள் இதை பேரிங் வண்டி என்போம். லாரி ஒர்க்‌ஷாப்பில் தேய்ந்துபோனது என்று தூக்கிப் போட்ட பேரிங்கைக் கெஞ்சி வாங்கிப் பலகையில் அடித்து, கரகரவென்று தெருவே எழுந்துகொள்கிற சத்தத்தோடு இறங்குவோம். அதற்கு பிரேக் எது? செருப்புக் குதிகால். மாதம் ஒரு ஜோடி தேய்ந்தால் அம்மா சும்மா விடுவார்களா!

அமெரிக்கக் கதையும் இப்படித்தான் தெருவில் தொடங்கியது. டேட்டன் நகரில் மைரன் ஸ்காட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் 1933-இல் பையன்கள் இப்படி வண்டி விடுவதைப் பார்த்துப் படம் பிடித்தார், அப்படியே பந்தயமும் நடத்திவிட்டார். மறுவருடமே அது நாடு தழுவிய போட்டி. 1935-இல் ஆக்ரனுக்கு மாறி, 1936-இல் அதற்கென்றே டெர்பி டவுன்ஸ் என்று ஒரு தடம் கட்டினார்கள். (இதே ஸ்காட்தான் பின்னாளில் செவர்லே கம்பெனியின் ஒரு காருக்கு கார்வெட் என்று பேர் வைத்தவர். அது இருக்கட்டும்.)

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கடைசி வருடங்களில் மாணவர்களுக்கு இந்த வண்டியைத்தான் ப்ராஜெக்டாகக் கொடுத்தேன். எட்டு வயதுக் குழந்தை ஓட்ட வேண்டும், சரிவில் தானே இறங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எல்லா வருடமும் முதல் நாள் ஒரே கேள்வி வரும்: "சார், எவ்வளவு ஸ்பீடு போகும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "எப்படிப்பா நிற்கும்?" அதற்கு எவனும் பதில் வைத்திருக்க மாட்டான்.

வேகம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஒரு மாடி உயரம், சுமார் 3 மீட்டர், இறங்கினால், காற்றும் உராய்வும் ஒன்றும் தின்னவில்லை என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். இனி நிறுத்துகிற கணக்கைப் பாருங்கள். பிரேக் பிடிக்கிற விசை வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்றால், இறங்கிய உயரத்தைப் போல மூன்று மடங்கு சமதளம் வேண்டும். 3 மீட்டர் இறங்கினால் 9 மீட்டர். இரண்டு மாடி இறங்கினால் 18. திரும்பவும் சொல்கிறேன், எழுதிக்கொள்ள முடியாதவர்களுக்காக: மூன்று மடங்கு, அதுவும் சமதளத்தில். சரிவிலேயே நிறுத்தப் பார்த்தால் இன்னும் நீளும்.

ஒரு வருடத்து வண்டியைச் சொல்ல வேண்டும். நல்ல பையன்கள், சைக்கிள் பிரேக் லீவரை ஸ்டீயரிங்கில் மாட்டி, ஒயரைப் பின்சக்கரத்துக்கு இழுத்து, மஞ்சள் பெயிண்ட் எல்லாம் அடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பாப்பாவை உட்கார வைத்தோம். வண்டி நகரவே இல்லை, கட்டை வைத்து நிறுத்தியிருந்தோம். "பிரேக்கைப் பிடிம்மா" என்றான் ஒருவன். அவள் விரலை நீட்டினாள். நுனிதான் லீவரில் பட்டது. "அண்ணா, கை எட்டல" என்றாள். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த லீவர் பெரியவர்கள் கைக்குச் செய்தது. மூன்று மாதம் வேலை பார்த்தவர்கள் அந்தக் குழந்தையின் கையை ஒரு தடவை ஸ்கேல் வைத்து அளக்கவில்லை!

சரி என்று காலுக்கு மாற்றினோம். அதில் ஒரு லாபமும் உண்டு, பயந்தால் குழந்தை கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், காலை விறைத்து நீட்டும். நீட்டுகிற இடத்தில் பெடல் இருந்தால் பயமே பிரேக் போட்டுவிடும். ஆனால் பிரேக் ஒரு சக்கரத்துக்கு மட்டும்தான் இருந்தது. மணல் மூட்டையை உட்கார வைத்து இறக்கிப் பார்த்தோம், பெடலைக் கயிறு கட்டி இழுத்ததும் வண்டி அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் வேலியில் நின்றது. இரண்டு சக்கரத்துக்கும் ஒயர் கொடுத்தாலும் ஒன்று டைட், ஒன்று லூஸ். கடைசியில் தீர்வு எங்கிருந்து வந்தது தெரியுமா? நுகத்தடி! மாடு இரண்டும் பூட்டின நுகத்தடி நடுவில் ஒரு முளையில்தானே நிற்கிறது? அதே மாதிரி ஒரு சின்னப் பட்டை, நடுவில் பெடல் இழுக்கிறது, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஒயர். ஒன்று தளர்ந்தால் பட்டை சாய்ந்துகொள்ளும், இழுப்பு இரண்டுக்கும் சமம். விவசாய வீட்டுப் பையன் சொன்ன யோசனை, நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். சக்கரம் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். ஒன்று மட்டும்: சைக்கிள் சக்கரம் இரண்டு பக்கமும் தாங்கலோடு, சாய்ந்து திரும்புவதற்காகச் செய்தது. அதை ஒரே பக்கம் அச்சில் செருகி, சாயாத வண்டியில் மாட்டினால், வளைவில் கம்பிகள் நெளியும், அச்சும் வளையும். முடிந்தவரை இரண்டு பக்கமும் பிடிப்புக் கொடுங்கள். 1973-இல் ஆக்ரனில் ஒரு பதினாலு வயதுப் பையன் வண்டி மூக்கில் மின்காந்தம் ஒளித்து ஜெயித்து, இரண்டே நாளில் பட்டம் பறிபோன கதையும் இருக்கிறது, அதை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். ஆ, முக்கியமானதை விட்டுவிட்டேன், முன் அச்சு அளவுக்கு மேல் திரும்பாதபடி இரண்டு பக்கமும் ஒரு தடுப்புக் கட்டை அடித்துவிடுங்கள், இல்லையென்றால் வண்டி கவிழும். ஹெல்மெட்டும் போடுங்கள். வணக்கம்.