மோதும் என்றுதான் சொல்வேன்: கொடி வணக்கமும் சமய நம்பிக்கையும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி அன்பர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், இவ்வளவு நேரமும் நாற்காலியை விட்டு நகராமல் இருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

தேசியக் கொடிக்குச் செய்யும் மரியாதை சமய நம்பிக்கையோடு மோதுமா, மோதாதா என்பது தலைப்பு. மோதவே மோதாது என்று எனக்கு முன்னால் பேசிய அம்மா அடித்துச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகிறவரும் சர்ச்சுக்குப் போகிறவரும் மசூதிக்குப் போகிறவரும் ஒரே வரிசையில் நின்று கொடிக்கு வணக்கம் வைக்கிறார்களே, யாருடைய சாமியாவது கோபித்துக்கொண்டதா என்று கேட்டார்கள். அரங்கமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, வரிசையில் நிற்கிறவர்களை மட்டும் எண்ணினால் மோதல் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? வரிசையை விட்டு வெளியே அனுப்பப்பட்டவனை அல்லவா போய் விசாரிக்க வேண்டும்? நான் விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

1935ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் மைனர்ஸ்வில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழும் சிறிய ஊர். பள்ளியில் தினமும் கொடி வணக்கம் உண்டு. கொடியை நோக்கி வலது கையை விறைப்பாக நீட்டி உறுதிமொழி சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பில் பில்லி என்று ஒரு பையன், பத்து வயது. அவன் கையை நீட்டவில்லை. அவனுடைய பன்னிரண்டு வயது அக்காவும் நீட்டவில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. அவர்களுடைய சமயச் சகோதரர்கள் ஜெர்மனியில் ஹிட்லருக்குக் கை உயர்த்த மறுத்துச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த காலம்.

பையன் என்ன செய்தான் தெரியுமா? பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினான். யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, விக்கிரகத்தை வணங்கக் கூடாது என்ற கட்டளையைச் சொல்லிவிட்டு எழுதுகிறான்: நாட்டை நேசிக்காததால் நான் வணக்கம் வைக்காமல் இருக்கவில்லை, நாட்டை நேசிக்கிறேன், கடவுளை அதைவிட அதிகம் நேசிக்கிறேன், அவருடைய கட்டளைக்கு நான் கீழ்ப்படிய வேண்டும். கீழே 'உங்கள் மாணவன்' என்று போட்டுக் கையெழுத்து. பதிலாக வந்தது பள்ளிநீக்கம். பிறகு வழக்கு, மேல்முறையீடு என்று போய், 1940 ஜூன் 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளி செய்தது சரி என்றது. எட்டுக்கு ஒன்று. ஒரே ஒரு நீதிபதி, ஹார்லன் ஸ்டோன், மாறுபட்டு எழுதினார்.

எதிரணியினரிடம் கேட்கிறேன். மோதலே இல்லை என்கிறீர்களே, அப்படியானால் இந்தப் பையன் யார்? வேலை மெனக்கெட்டு அக்காவும் தம்பியும் பள்ளியை இழக்கிறார்கள். ஒன்று, அவன் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும்; இல்லை, அவன் தேசத்துரோகியாக இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. உங்கள் வாதத்தின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மோதல் உண்டு என்று ஒப்புக்கொண்டால், இரண்டு நியாயங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளையை நாம் பார்க்கலாம். மோதலே கிடையாது என்று சாதித்தால், அந்தப் பிள்ளையிடம் நமக்குக் குற்றம் மட்டும்தான் தெரியும்.

இது என் கற்பனை அன்று. தீர்ப்பு வந்த அதே மாதம் மேய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் யெகோவாவின் சாட்சிகளின் வழிபாட்டுக் கூடம் கொளுத்தப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் ஊரில் அவர்களைப் பிடித்து, வாயில் விளக்கெண்ணெயை ஊற்றிக் குடிக்கவைத்து, கயிற்றால் பிணைத்துத் தெருவில் நடத்திக்கொண்டு போனார்கள். முன்னின்று செய்தவர் சட்டத்தைக் காக்க வேண்டிய துணை ஷெரீப். உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, இவர்களுக்கு மறுக்க நியாயம் இல்லை என்று. பிறகென்ன, ஆளுக்கொரு கை பார்க்கலாம் என்ற துணிச்சல்.

அந்த எட்டுப் பேருக்காகத் தீர்ப்பை எழுதியவர் ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர். அவரைக் கொடியவர் என்று நான் சொல்ல மாட்டேன். வியன்னாவில் பிறந்த யூதர், சிறு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். தன்னை ஏற்றுக்கொண்ட நாட்டின் கொடி அவருக்கு உயிர். நாம் சின்னங்களைக் கொண்டே வாழ்கிறோம் என்று அந்தத் தீர்ப்பில் எழுதினார். எதிரணிக்கு இவரைவிடப் பெரிய வக்கீல் கிடைக்க மாட்டார். ஆனால் அவர் வாயாலேயே எங்கள் கட்சி ஜெயித்துவிடுகிறது பாருங்கள். சின்னத்துக்கு அத்தனை பலம் உண்டென்றால், அந்தப் பலம் பக்தனின் மனத்தை மட்டும் தொடாமல் போய்விடுமா?

எதிரணி அம்மா இன்னொன்றும் சொன்னார்கள்: 'கொடி என்பது ஒரு துணி, துணியை யாராவது கடவுளாக நினைப்பார்களா?' வெறும் துணியா? 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பைப் பிரித்துப் பாருங்கள். கொடி தரையில் படக் கூடாது, தண்ணீரில் இழுபடக் கூடாது. கிழிந்துபோனாலோ அழுக்கேறினாலோ தனியிடத்தில், அதன் கண்ணியம் குறையாத முறையில், கூடுமானவரை எரித்து, முழுமையாக அழிக்க வேண்டும். வெறும் துணிக்கு யாராவது தகனம் செய்வார்களா ஐயா? நான் அதைக் குறை சொல்லவில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும். சவூதி அரேபியக் கொடியில் இஸ்லாமிய நம்பிக்கையின் உறுதிமொழியே எழுதியிருக்கிறது. அதனால் துக்க நாளிலும் அதை அரைக்கம்பத்தில் இறக்குவதில்லை. இங்கிலாந்துக் கொடியிலும் சுவிட்சர்லாந்துக் கொடியிலும் சிலுவை, இஸ்ரேல் கொடியில் தாவீதின் நட்சத்திரம். மதத்தின் அடையாளத்தை எடுத்துக் கொடியில் வைக்கும்போது உலகம் வெறும் துணி என்று சொல்லவில்லை. ஒருவன் வணங்க மறுக்கும்போது மட்டும் அது எப்படித் துணியாகிவிடுகிறது?

இந்த மோதல் நேற்று முளைத்ததும் அல்ல. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், ரோமப் பேரரசின் ஆளுநராக யூதேயாவுக்கு வந்த பிலாத்து, இராயன் எனப்பட்ட ரோமப் பேரரசனின் உருவம் பொறித்த படைக்கொடிக் கம்பங்களை இராத்திரியோடு இராத்திரியாக எருசலேமுக்குள் கொண்டுபோய் வைத்தான். வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதி வைத்திருக்கிறார். இராத்திரியில் ஏன் கொண்டுபோனான் என்று கேளுங்கள். மோதும் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது! விடிந்ததும் மக்கள் பார்த்துப் பதறி, பிலாத்து தங்கியிருந்த செசரியா நகரத்துக்குத் திரண்டு போய், அவன் மாளிகையைச் சுற்றி ஐந்து பகல் ஐந்து இரவு குப்புற விழுந்து கிடந்தார்கள். ஆறாம் நாள் பதில் சொல்வதாக வரச்சொல்லி, மூன்று வரிசைப் படைவீரர்களால் வளைத்து, உருவங்களை ஏற்காவிட்டால் வெட்டுவேன் என்றான். வாள்கள் உருவப்பட்டன. அத்தனை பேரும் ஒன்றாகத் தரையில் விழுந்து கழுத்தை நீட்டினார்கள்: வெட்டு, எங்கள் வேதத்தை மீற மாட்டோம். பிலாத்து அசந்துபோனான். கம்பங்களை எருசலேமிலிருந்து எடுத்துவிட உத்தரவு போட்டான். அந்தப் பிலாத்துக்கே விளங்கிய விஷயம் எங்கள் எதிரணி நண்பர்களுக்கு விளங்கவில்லை என்றால் நான் என்ன செய்ய?

நம் மொழிக்கும் இது புதிதல்ல. அழைத்து வா என்று பல்லவ மன்னன் ஆள் அனுப்பியபோது, 'நாமார்க்கும் குடியல்லோம்' என்று அப்பர் பாடி வைத்தாரே. அரசுக்கு இவ்வளவு, ஆண்டவனுக்கு இவ்வளவு என்ற கணக்குத் தகராறு அன்றே உண்டு.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 1985, கேரளம். பத்தாம் வகுப்பில் ஒரு பையன், ஒன்பதிலும் ஐந்திலும் அவன் தங்கைகள். இவர்களும் யெகோவாவின் சாட்சிகள் குடும்பம்தான். பிரச்சினை கொடி அல்ல, தேசிய கீதம். ஆனால் கேள்வி அதேதான். கீதம் பாடும்போது மூவரும் எழுந்து மரியாதையாக நின்றார்கள், வாய் திறந்து பாட மட்டும் மாட்டார்கள். அவர்களுக்கு முன்னால் அக்காமார் அதே பள்ளியில் அப்படியே நின்று படித்துவிட்டுப் போனார்கள், யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டது, சபையில் கேள்வி எழுந்தது, விசாரணைக் குழு வந்தது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், அவமரியாதை ஏதும் செய்யவில்லை என்று குழுவே அறிக்கை தந்தது. இருந்தும் நீக்கினார்கள்.

உயர் நீதிமன்றம் செய்ததைக் கவனியுங்கள். கீதத்தின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, இதில் எந்த மதத்தையும் புண்படுத்தும் சொல் இல்லையே என்று மனுவைத் தள்ளியது. எதிரணி அம்மா சொன்ன அதே வாதம்: 'நான் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆகவே மோதல் இல்லை.' 1986 ஆகஸ்ட் 11 அன்று பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இடத்தில்தான் பிடித்தது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அது. அந்த நம்பிக்கை நம் அறிவுக்கோ உணர்ச்சிக்கோ ஒத்துவருகிறதா என்பது கேள்வியே இல்லை. அவர்கள் உண்மையாக, மனச்சாட்சியோடு அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்பதே கேள்வி. பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவாயிற்று.

பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமும் 1959இல் கொடி வணக்கத்தை மறுத்தவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, 1993இல் அதை மாற்றிக்கொண்டது. அமெரிக்கா மூன்றே ஆண்டில் மாற்றிக்கொண்டது. 1943 ஜூன் 14, அங்கே கொடி நாள். உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. அன்று, கொடி வணக்கத்தை மறுத்த இன்னொரு குடும்பத்தின் பார்னெட் வழக்கில், ஆறுக்கு மூன்று என்று பழைய தீர்ப்பைத் தூக்கி எறிந்தார்கள். கருத்தைக் கட்டாயப்படுத்தி ஒன்றாக்கினால் கிடைப்பது கல்லறையின் ஒற்றுமைதான் என்று எழுதினார் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். அது பேச்சுரிமைத் தீர்ப்புதானே, மதத் தீர்ப்பு இல்லையே என்று எதிரணி வக்கீல் யாராவது எழுந்திருக்கலாம். உண்மைதான். ஆனால் வழக்குக்கு வந்தவர்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டது அவர்கள் பக்தி. (ஒரு வேடிக்கை: மைனர்ஸ்வில் குடும்பத்தின் பெயரையும் பார்னெட் குடும்பத்தின் பெயரையும் நீதிமன்ற ஆவணங்கள் எழுத்துப் பிழையோடுதான் பதிவு செய்தன. பெயரையே சரியாக எழுத முடியாதவர்கள் அவர்கள் மனத்தை எப்படிப் படிப்பது!) மோதலே இல்லை என்றால், மூன்று நாட்டு உச்ச நீதிமன்றங்களும் உட்கார்ந்து எதைத்தான் தீர்த்தன, எதிரணியினரே?

இன்னொரு கூத்து. பில்லி நீட்ட மறுத்த அந்தக் கை இருக்கிறதே, நேராக நீட்டும் கை, அது ஹிட்லர் வணக்கம் மாதிரியே இருக்கிறது என்று 1942 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமே அதை எடுத்துவிட்டது. இனி நெஞ்சில் கை வைத்தால் போதும் என்றார்கள். அரசுக்கு உறுத்தினால் வணக்கத்தையே மாற்றலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு உறுத்தினால் பள்ளியை விட்டு ஓட வேண்டும்!

திருப்பூர் குமரனைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே என்று எதிரணித் தலைவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. 1932 ஜனவரியில் தடியடி வாங்கி விழுந்தும் கொடியைக் கீழே விடாத குமரன். அவன் பெயரைச் சொன்னால் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் குமரனைக் கொடி பிடிக்கச் சொல்லி எந்த அரசு உத்தரவு போட்டது? பிடிக்காதே என்றுதானே அன்றைய அரசு சொன்னது! கொடி விஷயத்தில் சர்க்கார் சொன்னதைக் கேட்க மாட்டேன், என் மனச்சாட்சி சொல்வதைத்தான் கேட்பேன் என்று நின்றவன் அவன். அவனை எந்தப் பக்கத்தில் உட்காரவைப்பது என்று நீங்களே யோசியுங்கள். எனக்கென்னவோ பில்லிக்குப் பக்கத்து நாற்காலிதான் பொருத்தமாகப் படுகிறது.

பெரும்பாலோருக்கு இந்த மோதல் வருவதில்லை. அதை நான் மறுக்கவில்லை, எனக்கும் வந்ததில்லை. நான் கொடிக்கு வணக்கம் வைக்கிறவன், நாளையும் வைப்பேன். தலைப்பு என்னைப் பற்றியதா? 1996இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மஹ்மூத் அப்துல் ரவூஃப், தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பது தன் இஸ்லாமிய நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று உட்கார்ந்துகொண்டார். ஆட விடாமல் நிறுத்தினார்கள். உடனே பேசினார்கள். எழுந்து நிற்கிறேன், கண்ணை மூடி என் பிரார்த்தனையைச் சொல்லிக்கொள்கிறேன் என்றார், ஒப்புக்கொண்டார்கள், ஆட்டம் தொடர்ந்தது. மோதுகிறது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகு பிறந்த வழி அது.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார்கள். எதிரணித் தலைவர் எழுந்து வரும்போது நிறையப் பேசுவார், கவிதையும் வரும். அதற்கு முன் எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும்: நாட்டை நேசிக்கிறேன், கடவுளை அதைவிட அதிகம் நேசிக்கிறேன் என்று பத்து வயதில் ஒரு பிள்ளை எழுதினானே, அவன் பொய் சொன்னானா? ஆம் அல்லது இல்லை, அவ்வளவு போதும். நன்றி, வணக்கம்.